கவரில் போட்ட பிறை

"இந்த நிலா எனக்கு எப்பண்ணா வரும்?"

மூக்கண்டப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் மாத்திரைக் கவரை நீட்டி, தெரிந்த தம்பி ஒருவன் கேட்டான். எழுத்து தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று மருந்துக் கடையில் பேனாவால் ஒரு பிறை போட்டிருந்தார்கள். ராத்திரி மாத்திரை. லித்தியம்.

அவனுக்கு இருமுனைய மனநோய். மருந்து மாற்றி மாற்றிப் பார்த்தும் கட்டுக்குள் வரவில்லை. வேலை சிப்காட் தொழிற்பேட்டையில், வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அன்று காலை சி ஷிப்ட், அதாவது இரவு வேலை, முடிந்து நின்றான். "தூங்கப் போறப்ப போட்டுக்கோ" என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

என் அப்பாவும் சி ஷிப்ட் பார்த்தவர். அவர் தூங்க அம்மா ஜன்னலில் கம்பளியை மாட்டுவாள். குக்கர் வைக்க மாட்டாள். நாங்கள் திண்ணையில் சைகையில் பேசிக்கொள்வோம். எங்கள் வீட்டில் பகல் பதினோரு மணிக்கு ராத்திரி இருந்தது, அம்மா உண்டாக்கியது. தம்பி இருப்பதோ தகரக் கூரை அறை. நாலு பேர், நாலு ஷிப்ட். தூக்கம் கெட்டால் இந்த நோய் கிளர்ந்து எழும் என்பது மருத்துவர்கள் எல்லோரும் சொல்வதுதான். பகல் ஷிப்ட் கேட்கலாமே என்றால், காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் கான்ட்ராக்ட் போய்விடும் என்று பயப்படுகிறான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. அவன் பயத்தைக் குறைக்க அது போதவில்லை.

எப்போதோ படித்தது: ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1948-இல் லித்தியம் கொடுத்த முதல் நோயாளி தேறி வேலைக்கே திரும்பினார். பிறகு மருந்தை விட்டார், நோய் திரும்பியது. மறுபடி தொடங்கியதில் நஞ்சேறி 1950-இல் இறந்தார். குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவே அத்தனை குறுகிய இடம். வியர்த்து உடம்பில் நீர் வற்றினாலே இரத்தத்தில் அளவு ஏறும். அதனால்தான் கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். காலை ஏழுக்கு மாத்திரை போட்டால் இரத்தம் கொடுக்க வேண்டியது மாலை ஏழுக்கு. அந்நேரம் எந்த ஆஸ்பத்திரியில் அவனுக்காகக் காத்திருப்பார்கள்?

டாக்டரிடம் கேள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் ஒரு பதிலைச் சொல்லிவிட்டேன். இந்த வாரம் அவனுக்கு ஏ ஷிப்ட், பகல் வேலை. நான் சொன்னபடி செய்தால் காலை மாத்திரை இரவுக்கு நகர்ந்திருக்கும்; நடுவில் எத்தனை மணி நேரம் விழுந்ததோ, எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அந்தப் பிறைக்கு அர்த்தம் கடிகாரத்தின் ராத்திரியா, அவனுடைய தூக்கமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.