மூன்று ஸ்லைடு கதை

பொருளாதாரச் சிந்தனையின் வரலாற்றைப் பொருளாதார நிபுணர்கள் முன்னால் பேசினால், ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "சரி, இதனால இன்னைக்கு என்ன பயன்?" பெரும்பாலும் நக்கலாகக் கேட்பதில்லை. அவர்கள் துறையில், பழைய கோட்பாடு சரியென்றால் பாடப்புத்தகத்தில் இருக்கும், தப்பென்றால் எப்போதோ கழிக்கப்பட்டிருக்கும். என்னை உறுத்துவது வேறு. அவர்கள் காதுகொடுக்க வேண்டும் என்பதற்காக ஒரு கதையை நான் எவ்வளவு தூரம் வெட்டிச் சுருக்கலாம்?

எங்க ஊரையே எடுத்துக்கொள்கிறேன். தருமபுரி அன்றைய பாராமகாலின் ஒரு பகுதி. 1792-இல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கே நிலத்தை அளந்து, உழவரிடமே நேராக வரி பேசிப் பழகினார்கள். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ரயத்துவாரி இதுதான்.

கருத்தரங்கில் எடுபடும் கதை ஒன்று உண்டு. ரிக்கார்டோ வாரக் கோட்பாடு எழுதினார், ஜேம்ஸ் மில் அதை லண்டனிலிருந்து கம்பெனியின் வரிக்கொள்கைக்குள் கொண்டுவந்தார், ரயத்துவாரி பிறந்தது. மூன்றே ஸ்லைடு, எல்லோரும் தலையாட்டுவார்கள். பம்பாய்த் தக்காணத்துக்கு அது ஓரளவு பொருந்தவும் செய்யும். ஆனால் ரிக்கார்டோவின் புத்தகம் வந்தது 1817-இல், மில் கம்பெனி வேலையில் சேர்ந்தது 1819-இல். பாராமகாலில் நிலம் அளந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. ஏற்கெனவே நடந்த ஒன்றுக்குக் கோட்பாடு பின்னால் வந்து சட்டை தைத்துப் போட்டது.

2005-இல் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் எழுதிய கட்டுரையைப் பலர் படித்திருப்பீர்கள். ஜமீன்தார்கள் கையில் இருந்த மாவட்டங்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் விவசாய முதலீட்டிலும் விளைச்சலிலும் பின்தங்கின என்பது அதன் வாதம். நல்ல கட்டுரை, நிபுணர்களை வரலாற்றின் பக்கம் திருப்பிய கட்டுரை. ஆனால் இப்படிப்பட்ட ஆய்வில் ஒரு மாவட்டம் என்பது ஒரு எண். தருமபுரியோ 1965 வரை சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. ரயத்துவாரி பழகிய இதே மண்ணை 1800-களின் தொடக்கத்தில் மிட்டா மிட்டாவாகப் பிரித்து விற்றார்கள். வரி கட்ட முடியாமல் பல மிட்டாதாரர்கள் கவிழ, அந்த நிலமெல்லாம் திரும்ப ரயத்துவாரிக்கே வந்தது. இதை எந்த எண்ணில் அடைப்பது?

அதற்காக எண்ணே வேண்டாம் என்று முறுக்கிக்கொள்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இருந்த தர்மா குமார், தென்னிந்தியாவின் நிலமும் சாதியும் பற்றிய தன் 1965 நூலில் எண்களை வைத்துத்தான் பேசினார். நிலமற்ற கூலிகளை வெள்ளைக்காரன்தான் உண்டாக்கினான் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சாதியால் நிலத்தோடு கட்டப்பட்ட கூலிகள் பெரிய எண்ணிக்கையில் இருந்தார்கள் என்று காட்டினார். "உழவரிடமே நேராக" என்று மேலே எழுதினேனே, அந்த உழவரின் வயலில் இறங்கி வேலை செய்தவர் அந்த வாக்கியத்தில் இல்லை. மூன்று ஸ்லைடு கதையிலும் இல்லை. அவரைப் பற்றிப் பேச இன்னும் பத்து நிமிஷம் வேண்டும். இப்போதெல்லாம் அதை முதலிலேயே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.