எதிர்காற்றில் யார் முறை?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. பூந்தமல்லியைக் கடந்து, திருமழிசையை அடுத்துள்ள குத்தம்பாக்கம்வரை ஆடி மாதத்தில் மிதிவண்டியில் சென்றவர்கள் அதன் பொருளை உடலால் அறிவார்கள். கட்டடங்கள் குறைந்து வயல்வெளி தொடங்குமிடத்தில், மேற்கிலிருந்து வரும் காற்று மார்பில் வந்து மோதும். அப்போது இருவர் சேர்ந்து சென்றால் ஓர் உண்மை புலப்படும். முன்னே செல்பவர் காற்றை முகத்தில் வாங்குகிறார்; அவர்பின்னே நெருங்கிச் செல்பவர் அவருடைய மறைவில் எளிதாக மிதிக்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே ஊரைச் சென்றடைகின்றனர். ஆனால், இருவரும் செலவிட்ட உழைப்பு ஒன்றன்று.

இச்சிறு உண்மையிலிருந்து பெரியதோர் அறக்கேள்வி எழுகிறது. பிறருடைய மறைவில் நாம் பயணம் செய்தோமெனில், அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா? கடன்பட்டிருந்தால் அதை எவ்வாறு தீர்ப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றை யார் வாங்குவது என்று தீர்மானிப்பவர் யார்? இக்கேள்விகளைக் கூர்மையாக எழுப்பும் களம் ஒன்று உண்டு. பெண்களுக்கான நெடுஞ்சாலை மிதிவண்டிப் பந்தயமே அது.

மிதிவண்டி நமக்கு அந்நியமன்று. குத்தம்பாக்கத்திலிருந்து சிறிது தொலைவிலுள்ள அம்பத்தூரில்தான் 1949ஆம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக எழுத்தறிவு பெற்ற சிற்றூர்ப் பெண்கள், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் மிதிவண்டியும் கற்றனர். ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் அவ்வாறு கற்றனர் என்பது வரலாறு. ஆயினும், பந்தயமாக மிதிவண்டியை நாம் அதிகம் அறிந்ததில்லை. ஒலிம்பிக் விளையாட்டில் ஆண்களின் நெடுஞ்சாலைப் பந்தயம் 1896இலேயே நடந்துவிட்டது. பெண்களுக்கோ 1984இல்தான் அந்த வாய்ப்புக் கிடைத்தது.

இப்பந்தயத்தின் இயல்பைச் சற்று விளக்குவது நலம். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை வீராங்கனையர் பெருங்கூட்டமாகக் கடக்கின்றனர். வேகம் கூடக்கூடக் காற்றின் தடை பன்மடங்காகிறது. மிதிப்பவரின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதிலேயே தீர்கிறது. பிறருக்குப் பின்னால் செல்பவர் தம் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குவரை மிச்சப்படுத்த முடியும். எனவே, ஒவ்வோர் அணியிலும் சிலர் தம் வெற்றியைக் கருதாமல், தம் தலைவிக்காக முன்னே நின்று காற்றை ஏற்கின்றனர். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருகின்றனர். எதிரணியினர் தப்பிச் சென்றால் துரத்துகின்றனர். இவர்களுக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயரே ‘பணியாள்’ என்று பொருள்படும்.

சில வேளைகளில் வெவ்வேறு அணிகளைச் சேர்ந்த சிலர் பெருங்கூட்டத்திலிருந்து பிரிந்து முந்திச் செல்வதுண்டு. இவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர். ஆயினும், ஒத்துழைத்தாலன்றிப் பெருங்கூட்டத்திடம் சிக்கிவிடுவர். ஆகவே, நம் ஊர் ஏரிப்பாசனத்தில் முறைவைத்து நீர் பாய்ச்சுவதுபோல, முறைவைத்துக் காற்றை ஏற்கின்றனர். ஒருவர் சிறிது நேரம் முன்னே செல்வார். பின்னர் விலகிக் கடைசியில் சேர்ந்துகொள்வார். அடுத்தவர் முன்னே வருவார். நட்பினால் அன்று, தேவையினால் பிறந்த நீதி இது. ஆயினும் நீதி நீதியே.

2021ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள், டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் பந்தயம் நடைபெற்றது. தொலைவு 137 கிலோமீட்டர். அன்னமீக் வான் வ்ளூட்டன், மரியான் வோஸ், அன்னா வான் டெர் பிரெகன், டெமி வொலெரிங் ஆகிய நால்வரைக் கொண்ட நெதர்லாந்து அணியை எவரும் வெல்ல இயலாது என்றே பலரும் எண்ணினர். பந்தயம் தொடங்கிய உடனேயே ஐவர் பிரிந்து முன்னே சென்றனர். ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், போலந்தின் அன்னா பிளிக்டா, இஸ்ரேலின் ஓமர் ஷபிரா, தென்னாப்பிரிக்காவின் கார்லா ஓபர்ஹோல்சர், நமீபியாவின் வேரா லூசர் ஆகியோரே அந்த ஐவர். அவர்களைப் பெருங்கூட்டம் பொருட்படுத்தவில்லை. இடைவெளி பத்து நிமிடத்தையும் தாண்டியது.

ஐவர் மூவராயினர். இறுதி நாற்பது கிலோமீட்டர் அளவில் கீசன்ஹோஃபர் மற்ற இருவரையும் விட்டுத் தனித்துச் சென்றார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். தொழில்முறை அணி எதிலும் அப்போது இல்லாதவர். அப்பந்தயத்தில் தம் நாட்டின் ஒரே வீராங்கனை. பின்னாலிருந்த வலிய அணிகளோ, யார் துரத்துவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தன. ஒலிம்பிக்கில் வானொலித் தொடர்புக் கருவிக்கு அனுமதியில்லை. பிளிக்டாவையும் ஷபிராவையும் முடிவுக்கு அருகில் எட்டிப்பிடித்த கூட்டத்தினர், இனி முன்னே எவருமில்லை என்று கருதினர். வான் வ்ளூட்டன் எல்லைக்கோட்டைக் கடந்து, வென்றதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். அவருக்கு ஒரு நிமிடம் பதினைந்து நொடிக்கு முன்னரே கீசன்ஹோஃபர் அக்கோட்டைக் கடந்திருந்தார்.

‘தனியொருத்தி உலகை வென்றாள்’ என்று இந்நிகழ்ச்சியைச் சொல்வது எளிது. அவருடைய துணிவும் உழைப்பும் போற்றத்தக்கவையே. ஆயினும் அது முழு உண்மையாகுமா? முதல் தொண்ணூறு கிலோமீட்டருக்கும் மேலாக அவர் தனியாகச் செல்லவில்லை. போலந்துப் பெண்ணும் இஸ்ரேலியப் பெண்ணும், தொடக்கத்தில் மற்ற இருவரும், தத்தம் முறையில் காற்றை ஏற்றனர். அவர்கள் ஏற்ற காற்று, அவர் இறுதியில் செலவிட்ட ஆற்றலாக மாறியது. பதக்கம் ஒன்று, அதற்கு உழைத்த கால்களோ பல. இதில் அநீதி ஏதும் நிகழவில்லை. அவரும் தம் முறைக்குக் காற்றை ஏற்றவரே. இறுதியில் வலிமை மிகுந்தவர் முந்திச் செல்வார் என்பதை அனைவரும் அறிந்தே சேர்ந்தனர். எனினும், வென்றவரின் பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்ற நால்வரை மறப்பது நம் பழக்கம். நாம் சிந்திக்க வேண்டிய முதற்செய்தி இதுவே: தனியாக வென்றவர் என்று உலகில் எவருமிலர்.

முறை வரும்போது முன்னே வராமல், பிறர் மறைவிலேயே ஒட்டிக்கொண்டு வந்து, இறுதியில் பாய்ந்து வெல்பவரை என்னென்பது? விதிகள் அதனைத் தடுக்கவில்லை. சில வேளைகளில் அதற்கு நியாயமும் உண்டு. தம் தலைவி பின்னால் துரத்தி வருகிறார் எனில், முன்னே சென்ற தோழி உழைக்க மறுக்கலாம். அதைக் குழுவிலுள்ள அனைவரும் அறிவர். ஆனால், வலிமையிருந்தும் களைத்தவர்போல் நடித்துப் பிறர் உழைப்பை உண்பவரின் செயல் வேறு. மறுப்பது வேறு, ஏமாற்றுவது வேறு. விதிக்கு உட்பட்டது எல்லாம் அறத்திற்கு உட்பட்டதாகிவிடாது என்பதைச் சாலைப் பந்தயம் நமக்குத் தெளிவுறக் காட்டுகிறது.

அப்படியானால், தன்னை ஒறுத்துப் பிறருக்காக உழைப்பவர் என்றென்றும் அப்படியே இருக்கவேண்டியவரா? 2024ஆம் ஆண்டு பிரான்சைச் சுற்றிய பெண்கள் பந்தயத்தில் இக்கேள்வி வெடித்தது. மஞ்சள் சட்டையணிந்து முதலிடத்திலிருந்த டெமி வொலெரிங், ஐந்தாம் கட்டத்தின் முடிவை நெருங்கும்போது விழுந்துவிட்டார். அன்றைய வெற்றி அவருடைய அணியைச் சேர்ந்த பிளாங்கா வாஸ் என்பவருக்குக் கிடைத்தது. எட்டுக் கட்டப் பந்தயத்தின் இறுதியில், வொலெரிங் நான்கே நொடியில் போலந்தின் கடார்சினா நியவியடோமாவிடம் முதலிடத்தை இழந்தார். தோழியர் அனைவரும் அன்று காத்திருந்து துணைசெய்திருந்தால் அந்நான்கு நொடி மிஞ்சியிருக்குமே என்றனர் பலர். ஆனால், வாஸ் என்னும் அப்பெண்ணுக்கும் வெற்றிக்கு உரிமை இல்லையா? அன்றைய நாள் அவருடைய முறையாக இருக்கக்கூடாதா? இருபக்கமும் நியாயமுள்ள வழக்கு இது.

இவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஆனால், பணியாளாக உழைப்பவரின் நிலையை அறநெறிக்குரியதாக்குவது எது என்பதை இதிலிருந்து நாம் உணரலாம். பந்தய அணியில் துணைசெய்பவர் அப்பணியை அறிந்தே ஏற்கிறார். அதற்கு ஊதியம் பெறுகிறார். பரிசுத்தொகையை அணியினர் பகிர்ந்துகொள்வது வழக்கம். மற்றொரு நாள் அவருக்காகப் பிறர் உழைப்பதும் உண்டு. ஆக, மூன்று செய்திகள் அங்கே உள்ளன: விருப்பம், பகிர்வு, முறைமாற்றம். இம்மூன்றும் இருக்கும்வரை, பிறருக்காகக் காற்றை ஏற்பது அழகிய அன்புப்பணி. இம்மூன்றும் இல்லாதபோது அதற்கு வேறு பெயர்.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். குத்தம்பாக்கத்தைச் சுற்றியுள்ள சாலைகளில், திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்கு இளம்பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளை நாம் காண்கிறோம். அவற்றில் அமர்ந்திருப்பவர்களில் மூத்த மகள்கள் எத்தனை பேர்! தம்பியின் பொறியியல் படிப்புக்கும், தங்கையின் திருமணத்திற்கும், தந்தையின் கடனுக்கும் தம் இளமையைச் செலவிடும் அக்காமார்கள் அவர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றும், ‘நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்’ என்ற ஒரு சொல்லோடு அவர்களுடைய முறை முடிந்துவிடுகிறது. தம்பி முந்திச் செல்கிறான், பட்டம் பெறுகிறான், குடும்பம் அவனைக் கொண்டாடுகிறது. அவனுடைய உழைப்பும் உண்மையே. ஆனால், இத்தனை ஆண்டுகள் அவன் யாருடைய மறைவில் வந்தான்?

‘அவள் குடும்பத்திற்காகத் தியாகம் செய்கிறாள்’ என்று நாம் பெருமையுடன் சொல்கிறோம். அவளை யாரேனும் கேட்டார்களா? கேட்காமல் எடுத்துக்கொண்டதைத் தியாகம் என்று அழைப்பது, எடுத்தவரின் மனத்தை ஆற்றுவதற்கு மட்டுமே பயன்படும். இயேசுவின் பலியை நாம் போற்றுவது, அதனை அவர் விரும்பி அளித்தார் என்பதால்தான். அச்சிலுவையைக் காட்டி, பிறர்மீது அவர் கேட்காத சுமையை ஏற்றுவது நற்செய்தியாகாது. பங்கின் வாழ்விலும் இதே நிலையை நாம் காணலாம். ஆலயத்தைப் பெருக்குபவரும், திருவிழா அன்னதானத்திற்கு இரவெல்லாம் காய்கறி நறுக்குபவரும், அன்பியக் கூட்டத்திற்கு வீடுவீடாய்ச் சென்று அழைப்பவரும் ஆண்டாண்டாய் அதே பெண்கள். கல்வெட்டில் பெயரும் பொன்னாடையும் பெறுபவர் பெரும்பாலும் வேறு சிலர்.

திருத்தூதர் பவுல் கொரிந்து நகரத் திருச்சபைக்கு எழுதிய முதல் திருமுகத்தில் இரண்டு உருவகங்களைக் கையாளுகிறார். ஒன்று, பந்தயத் திடல்: பலர் ஓடினும் பரிசு பெறுபவர் ஒருவரே. மற்றொன்று, உடல்: உறுப்புகள் பல, வலுவற்றதாகத் தோன்றும் உறுப்பே மிகத் தேவையானது. முதலாவதைச் சொல்லி ஊக்குவிக்கும் நாம், இரண்டாவதை மறந்துவிடுகிறோம். ஒரே மடலில், சில பக்க இடைவெளியில், ஒரே மனிதர் இரண்டையும் எழுதினார் என்பது நம் சிந்தனைக்குரியது. சாலைப் பந்தயத்தில் இவ்விரண்டும் ஒரே சாலையில் ஒன்றுசேர்ந்து செல்கின்றன. பரிசு ஒருவருக்கு, உடல் அனைவருக்கும். பரிசு பெற்றவர் தாம் ஓர் உடலின் உறுப்பு என்பதை மறந்தால், அவருடைய வெற்றி பிறரிடமிருந்து பறித்ததாகிவிடும்.

முறைகேட்காத அன்பும் உலகில் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே விழித்திருக்கும் தாய், மாற்றுக்கு ஆள் வேண்டுமென்று கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால், அவர் கணக்குப் பார்க்கவில்லை என்பதற்காக, அதே வீட்டிலிருக்கும் மற்றவர்கள் உறங்கலாமா? அன்பு செய்பவர் கணக்கை மறக்கலாம். அன்பைப் பெறுபவர் மறக்கலாகாது. கொடுத்தவர் சொல்லிக்காட்டாதிருப்பது பண்பு. பெற்றவர் எண்ணிப் பாராதிருப்பது நன்றிகேடு.

பந்தயத்தில் முன்னே சென்று களைத்தவர் தம் முழங்கையைச் சற்றே அசைப்பார். ‘என் முறை முடிந்தது, இனி நீ வா’ என்பது அதன் பொருள். பின்னே வருபவர் அதைக் கண்டு முன்னே செல்வார். நம் வீடுகளில் காற்றை ஏற்கும் பெண்கள் முழங்கையை அசைப்பதில்லை. அசைக்கலாகாது என்றே அவர்களுக்கு நாம் கற்பித்திருக்கிறோம். எனவே, அந்த அசைவுக்காகக் காத்திராமல், எத்தனை காலமாக அவர்கள் முன்னே செல்கிறார்கள் என்பதை நாமே எண்ணிப் பார்த்து, அவர்கள் இளைப்பாறும்படி நாம் முன்னே வருவோமா?