வெட்டுவதும் விடுவதும்

நாளேட்டின் ஆயுள் ஒரு நாள். காலையில் நம் கையில் விரிவது, மறுவாரம் கடையில் பொட்டலமாகிறது. மரக்கூழில் செய்த தாளாதலின் வெயில் பட்டால் மஞ்சளித்து நொறுங்குகிறது. இத்தகைய தாளைக் கலைப்பொருளாக்குபவர் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரத்துக் கலைஞர் மிரியம் டியோன். நாளேட்டைச் சிறு கத்தியால் நுணுக்கமாகத் துளைத்துப் பின்னல் வேலைபோல் ஆக்குகிறார். இஸ்லாமியக் கட்டடங்களின் கற்பலகணிகளில் காணும் கோலங்களை அது நினைவூட்டும். நம் நாட்டில் மதுராவிலும் பிருந்தாவனத்திலும், கத்தரித்த தாளின் துளைகள் வழியே வண்ணப்பொடி தூவிக் கோலமிடும் சாஞ்சிக் கலை உண்டு. ஆனால் நாளேட்டை வெட்டும்போது ஓர் அறவினா எழுகிறது. அதில் அச்சாகியிருப்பவை பெரும்பாலும் பிறர் துன்பங்கள் அல்லவா? அவற்றை வெட்டி அழகு செய்வது தகுமா?

ஒசூரில் வாழ்வோர்க்கு இவ்வினா தொலைவானதன்று. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிணக்கால் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் பல தீக்கிரையாயின. பேருந்துகள் எல்லையோடு நின்றுவிட, மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜுவாடிக்கு நடந்தே வந்தனர். இத்தகைய நாட்களில் தமிழ், கன்னடம் எனும் இரு மொழி நாளேடுகளையும் அருகருகே விரித்தால், ஒன்றில் பெரிதாகும் துயரம் மற்றொன்றில் சிறிதாகக் கூடும். இரண்டும் மெய்யே, எதுவும் முழு மெய் அன்று. அனேகாந்தம் கற்ற நமக்கு இது புதிதன்று.

துன்பத்தை அழகால் மூடுவது ஒருவகைப் பொய் என்பர் சிலர். இக்கூற்றைத் தள்ளிவிட இயலாது. கோலத்தின் ஒழுங்குக்காக இறந்தவன் பெயரை வெட்டி எறியும் கை இரக்கமற்றதே. எனினும், காப்பி ஆறுவதற்குள் பத்து மரணங்களைப் புரட்டிவிடும் நாம் அக்கையைப் பழிக்கலாமோ? ஒரே பக்கத்தின்முன் நாள்கணக்கில் அமர்ந்திருப்பவர் நம்மினும் அதிகமாக அதைப் பார்க்கிறார். ஆயினும் பார்ப்பது மட்டும் கருணை ஆகிவிடாது.

இதற்கு அளவுகோல் அத்தொழிலிலேயே உள்ளது. துளைகளுக்கு இடையே விடப்படும் மெல்லிய இழைகளே தாளைத் தாங்குகின்றன. தவறி ஓரிழையை வெட்டினால் அருகிலுள்ள கோலமும் தொய்ந்து கிழியும். அக்கோலங்களில் ஒரு வடிவத்தின் விளிம்பே அடுத்ததற்கும் விளிம்பு. தனித்து நிற்பது எதுவுமில்லை. ஆகவே வெட்டியதைக் கொண்டன்று, விட்டதைக் கொண்டே அக்கையை மதிப்பிட வேண்டும். துன்புற்றவனின் முகமும் பெயரும் எஞ்சியிருக்குமாயின் அக்கலை அறத்தின்பாற்பட்டது.

கத்தி எடுக்காத நாமும் நாள்தோறும் செய்தியை வெட்டுகிறோம். நமக்கு உவப்பானதை வைத்துக்கொண்டு, அயலான் துயரைக் கழித்துவிட்டு, பாதியை அடுத்த வீட்டில் சொல்கிறோம். எல்லையூரில் அப்பாதிச் செய்தியே தீயாகிவிடும். சொல்லுமுன், நாம் வெட்டுவது எந்த இழையை என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நன்று.