தூண்டிலும் சீலமும்



மீனைத் தூண்டிலிற் பிடித்து, உயிரோடு மீண்டும் நீரில் விட்டுவிடுகிறவன் முதற் சீலத்தை மீறினவன் ஆவானா? வேலையின் பொருட்டு அமெரிக்கா சென்றுள்ள நம் இளைஞர் ஒருவர் இக்கேள்வியை எழுப்பியுள்ளார். கேள்வி சிறிது, அதற்குள் அடங்கிய பொருள் பெரிது. ஆதலின் அதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகர் மேடிசன். அந்நகரை ஒட்டி மெண்டோட்டா என்னும் பெரிய ஏரி உள்ளது. அதில் ‘ஒயிட் பாஸ்’ என்று ஒரு மீன் உண்டு. வெள்ளி நிற உடல். அதன்மேல் நீளவாட்டில் ஓடும் கருங்கோடுகள். பெரும்பாலும் அரைக் கிலோ அளவிலான எடை. அது கூட்டமாகத் திரியும் இனம். அக்கூட்டம் சிறு மீன்களை நீர்ப்பரப்புக்கு விரட்டி வேட்டையாடும்போது தண்ணீர் கொதிப்பதுபோல் தோன்றும். மேலே பறவைகள் வட்டமிடும். கரையில் நிற்பவன் அந்த அடையாளத்தைக் கண்டு, சிறுமீன்போல் மினுங்கும் உலோகத் துண்டை நைலான் நூலிற் கட்டி எறிகிறான். கூட்டம் அருகில் வந்துவிட்டால் எறியுந்தோறும் மீன் சிக்கும். சிலர் சமையலுக்கு வேண்டியவற்றை வைத்துக்கொள்வர். சிலர் ஒன்றையும் வைத்துக்கொள்ளாது, முள்ளைக் கழற்றி அனைத்தையும் விட்டுவிடுவர். பிற்பகல் இவ்வாறு இனிதே கழியும்.

இந்த ஓய்வைப் பழிக்க எனக்கு மனம் இல்லை. ஆலைச் சங்குக்கு எழுந்து, ஆலைச் சங்குக்கு அடங்கிப் பல்லாண்டு உழைத்தவன் நான். யந்திரத்தின் ஓசை கேளாத ஒரு பிற்பகல் எத்துணை அரியது என்பதை உழைப்பாளி அறிவான். நீரையும் காற்றையும் தனிமையையும் நாடுவது குற்றமன்று. குற்றம் உண்டாயின் அது வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

கொலை நிறைவுற ஐந்து அங்கங்கள் வேண்டும் என்று தேரவாத உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர். உயிர் ஒன்று இருத்தல், அது உயிர் என்று அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அம்முயற்சியால் உயிர் நீங்குதல் என்பன அவை. உயிரோடு விடுகிறவனிடம் கொல்லும் எண்ணம் இல்லை. ஆகவே முதற் சீலம் முற்றும் முறிந்தது என்று கூற இயலாது. சட்டத்தை மட்டும் பார்ப்பவன் இந்த இடத்தில் நின்றுவிடலாம். தம்மத்தைப் பார்ப்பவன் நிற்க முடியாது. ஏனெனில் எண்வகை மார்க்கத்தின் இரண்டாம் அங்கமாகிய நல்லெண்ணம் மூன்று பகுதிகளை உடையது: பற்றைத் துறக்கும் எண்ணம், பகையற்ற எண்ணம், துன்புறுத்தாத எண்ணம். கொலை இல்லாத இடத்திலும் துன்புறுத்தல் இருக்கக்கூடும் அன்றோ?

மீனுக்கு நோவு தெரியுமோ எனச் சிலர் ஐயுறுவர். 2003-ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் என்னும் அம்மையாரும் அவருடன் ஆராய்ந்தோரும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெரிதும் துணைசெய்யும். டிரவுட் மீன்களின் முகத்தில் ஊறு உணரும் நரம்பு முனைகள் இருப்பதை அவர்கள் கண்டனர். உதட்டில் காடி அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் வாயைத் தரைக் கற்களில் தேய்த்தன, உடலை ஆட்டின, நெடுநேரம் உணவைத் தொடவில்லை. மூளையமைப்பைக் காட்டி இதனை மறுக்கும் அறிஞரும் உளர். ஆயினும் ஐயம் இருக்கும் இடத்தில் கருணையின் பக்கம் சாய்வதே அறம். சுவிட்சர்லாந்து தன் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளில், விட்டுவிடும் நோக்கத்தோடு தூண்டிலிடுவதையே விலக்கியது. மேலும், விடப்பட்ட மீன்கள் யாவும் பிழைப்பதில்லை. ஆழ விழுங்கிய முள்ளினாலும், நீர் வெம்மையுற்ற நாளினாலும், கரையில் நெடுநேரம் வைத்திருப்பதாலும் பல பின்னர் மடிகின்றன.

நோவு மட்டுமன்று. அதே மெண்டோட்டா ஏரியில் ஆர்தர் ஹாஸ்லர் என்னும் அறிஞரும் அவர் துணைவரும் செய்த ஆய்வு 1958-இல் வெளிவந்தது. முட்டையிடும் காலத்தில் இம்மீன்கள் வடகரையை அடுத்த இரண்டே இடங்களில் கூடுகின்றன. அங்கே பிடித்து ஏரியின் நடுவே கொண்டுபோய் விட்டாலும், வெயில் உள்ள நாளில் அவை வடக்கு நோக்கியே நீந்தின. மேகம் சூரியனை மறைத்த நாளில் திசை தெரியாது சிதறின. கதிரவனைக் கொண்டு தன் இடத்தை அறியும் உயிர் அது! அதனை விளையாட்டுப் பொருள் என்று கருதுவது எங்ஙனம்?

சாவத்திக்கும் ஜேதவனத்துக்கும் இடையே சிறுவர்கள் மீன்களை வதைத்துக்கொண்டிருந்ததைப் பகவான் கண்டார் என்று உதானம் கூறுகிறது. அவர் அச்சிறுவரை வையவில்லை. துன்பம் உங்களுக்கு அச்சமும் வெறுப்பும் தருவதன்றோ என்று வினவினார். அவர்கள் ஆம் என்றனர். தன்னைக் கொண்டு பிற உயிரை அளப்பதே அவர் கொடுத்த அளவுகோல்.

அந்த அளவுகோலோடு ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அப்பிற்பகலிலிருந்து தூண்டிலை மட்டும் கழித்துவிடுங்கள். ஏரி இருக்கிறது, காற்று இருக்கிறது, மாலை வெயில், பறவைகள், நண்பரின் உரையாடல், எல்லாம் இருக்கின்றன. நீங்கியது எது? நூலின் முனையில் ஓர் உயிர் தவித்து இழுக்கும் இழுப்பு மட்டுமே நீங்கியது. அதுவின்றிப் பிற்பகல் சுவைக்கவில்லை என்றால், நாம் சுவைத்தது எதனை? இக்கேள்விக்குத் தன் நெஞ்சறிய விடை கூறுபவனே தன் எண்ணத்தைக் கண்டவன்.

தூண்டிற்காரர்களின் பணத்தால் ஏரிகள் காக்கப்படுகின்றன என்பர். உண்மையே. 1950-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி தூண்டிற் கருவிகளின் வரி மீன்வளம் பேணச் செலவாகிறது. நற்பயன் நற்பயனே, ஆயினும் அது முள்ளின் கூர்மையை மழுக்குவதில்லை. ஏரியைக் காக்க விரும்புவோன் மீனின் வாயைத் துளைக்காமலே பொருள் கொடுக்கலாம்.

இனி, நம்மவருள் மீன் உண்போர் பலர். அவர்களைத் தாழ்த்த இக்கட்டுரை எழுந்ததன்று. உணவைக் காட்டி மனிதனை இழிந்தவன் என்று தள்ளிய கொடுமையை நம்மினும் அறிந்தவர் யார்? புலால் உண்ணாமையைப் பிக்குகளுக்குக் கட்டாயமாக்குக எனத் தேவதத்தன் கேட்டபோது பகவான் மறுத்தார். தட்டில் இருப்பதைக்கொண்டு மனிதனின் உயர்வு தாழ்வை அளப்பது தம்மம் அன்று. பசிக்காக வலை வீசும் ஏழையின் வினையும் வினையே. ஆனால் அவனுக்குத் தான் செய்வது இன்னதென்று தெரியும். விளையாட்டுக்காகப் பிடித்து விடுகிறவனின் செயல் அதனினும் இலேசானது. ஆயினும் ‘நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை’ என்னும் நிறைவு அதனை அவன் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. மறைந்த முள்ளே ஆழத் தைப்பது.

அசோக மன்னர் மீன்பிடித்தலை அடியோடு ஒழித்துவிடவில்லை. உபோசத நாள்கள் முதலிய குறித்த நாள்களில் மீனைக் கொல்லலும் விற்றலும் கூடாதெனத் தம் ஐந்தாம் தூண் சாசனத்தில் விலக்கினார். மக்களின் பழக்கத்தை அறிந்து படிப்படியாக நடத்திய அருளாட்சி அது. நாமும் அவ்வாறே தொடங்கலாம். தூண்டில் ஏந்தும் இளைஞர், முதலில் உபோசத நாளிலேனும் அதனை வீட்டில் வைத்துவிட்டு ஏரிக்குச் செல்க. கரையில் அமர்ந்து, நீர் கொதிப்பதையும் மீன் துள்ளுவதையும் கண்டு, அவ்வுயிர்கள் நலமுற நினைக்க. ஒரு பிற்பகல் அவ்வாறு நிறைவாய்க் கழிந்ததாயின், அடுத்த பிற்பகலுக்குத் தூண்டில் வேண்டுமோ என்பதை அவரே அறிவார்.