நூல் பிடித்த தூரம்

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நுனியை லண்டனிலும் மறுநுனியை ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த்திலும் வைத்து விறைப்பாக இழுங்கள். இதுதான் மிகக் குறுக்கு வழி. சுமார் 14,500 கி.மீ. கருங்கடல், ஈரான், அரபிக்கடல் என்று வரும் நூல் கோவா பக்கம் கரையேறி, நம்ம மதுரையை உரசிக்கொண்டு, இலங்கையைத் தாண்டிப் போகும். (நிஜ விமானம் காற்றையும் சண்டைகளையும் பார்த்துக் கொஞ்சம் விலகித்தான் பறக்கும்.)

1935-ல் லண்டனிலிருந்து பிரிஸ்பேனுக்கு விமானத்தில் போக பன்னிரண்டரை நாள். 1947-ல் சிட்னிக்கு நாலு நாள். 2018 மார்ச்சில் பெர்த்துக்கும் லண்டனுக்கும் நடுவில் எங்கேயும் இறங்காத விமானம் வந்தது. சுமார் 17 மணி நேரம்.

இதனால் நமக்குப் போனது ஒரு நல்ல சாக்கு. கப்பல் காலத்தில் அப்பா காலமானார் என்று தந்தி வந்தால், 'ஏன் வரவில்லை?' என்று யாரும் கேட்கமாட்டார்கள். கடல் மேல் பழியைப் போட்டுவிடலாம். இப்போது, 'பதினேழு மணி நேரம்தானே?' என்கிறார்கள்.

அப்பா விஷயம் சரி, முன்பின் தெரியாதவர்? மெல்போர்னில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன பீட்டர் சிங்கர், கிழக்கு வங்காள அகதிகளின் பட்டினியைப் பற்றி எழுதிய கட்டுரை 1972-ல் வெளிவந்தது. குளத்தில் மூழ்கும் குழந்தையை, சட்டை பாழாகுமே என்று பார்த்துக்கொண்டு நிற்பீர்களா? மாட்டீர்கள். அப்படியானால் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் சாகிற குழந்தைக்கு மட்டும் வேறு நியாயமா? தூரம் ஒரு காரணமே இல்லை என்கிறார் மனுஷன்.

எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. அம்மாவுக்கு உள்ள உரிமை அடுத்த தெருக்காரருக்குக் கிடையாது. ஆனால் அதற்குக் காரணம் கிலோமீட்டர் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் நூல் வழியே பறக்கிறவருக்கு ஒரு கட்டத்தில் மிகப் பக்கத்து ஊர் மதுரை, பதினோரு கி.மீ. கீழே. டவுனிலிருந்து திருப்பரங்குன்றம் போவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அவர் ஜன்னலை மூடிக்கொண்டு சினிமா பார்க்கிறார். ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி இருக்கும் மகளைத்தான் 'பக்கத்தில்' என்று நினைக்கிறார்.

அப்படியானால் தூரத்தைத் தீர்மானிப்பது யார்? 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. ஜூலையில், திரும்பி வரும் சொந்தக் குடிமக்களுக்கும் எண்ணிக்கை வரம்பு வைத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே மாட்டிக்கொண்டார்கள். 2021 மே 3-லிருந்து 15 வரை இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 14 நாளுக்குள் இந்தியாவில் இருந்துவிட்டு ஆஸ்திரேலியாவில் இறங்கினால், குடிமகனே ஆனாலும் ஐந்து வருஷம் வரை ஜெயில்! அரசாங்கத்துக்கும் காரணம் இருந்தது. இங்கே கோவிட் உச்சத்தில் இருந்த நேரம். அங்கே தனிமைப்படுத்தும் விடுதிகள் தாங்காது என்றார்கள். உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுவதும் கடமைதானே? ஆனால் வாசலில் நிற்பதும் அதே வீட்டுப் பிள்ளை.

விமானம் இருந்தது, பைலட் இருந்தார், பாஸ்போர்ட்டும் இருந்தது. கடல் மேல் பழி போட வழியில்லை. எல்லை பழையபடி திறக்க ஆரம்பித்தது 2021 நவம்பர் 1-ல். அதற்குள் எத்தனையோ பேர் அம்மாவையோ அப்பாவையோ கடைசியாக செல்போனில்தான் பார்த்திருந்தார்கள்.