ஓய்வுநாள் யாருக்கு?

உழைப்பவனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயின், எந்த நாளில் ஓய்வது என்பதைச் சட்டம் முடிவு செய்யலாமா?

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் மது விற்பனைக்கும் பிற வணிகத்திற்கும் தடை இருந்தது; சிலவற்றில் அதன் எச்சம் இன்றும் உண்டு. கிறித்துவரின் வழிபாட்டு நாள் என்பதால் தோன்றிய தடை அது. 1961-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம், அது இனிச் சமயக் கட்டளையன்று, அனைவர்க்கும் பொதுவான ஓய்வு ஏற்பாடே என்று கூறி அதனை ஏற்றது.

அன்று தீர்ப்புக்குக் காத்திருந்தோருள் பிலடெல்பியா நகரத்து யூத வணிகர் சிலரும் இருந்தனர். சனிக்கிழமை கடையடைப்பது அவர்தம் சமயநெறி. ஞாயிறு அடைப்பது சட்டநெறி. பிறர் ஒரு நாள் வருவாயை இழக்க, இவர்கள் இரு நாள் வருவாயை இழந்தனர். அவர்களும் தோற்றனர். சட்டம் எல்லார்க்கும் ஒன்றுதான். சுமை ஒன்றாக இல்லையே!

ஊரே ஒருசேர ஓய்ந்தால்தான் குடும்பம் கூடும், கடைச் சிப்பந்தியும் அச்சமின்றி வீட்டிலிருப்பான் என்பர். வலிய வாதமே. ஆயினும், தன் புனித நாளில் கடையடைத்தவனுக்கு விலக்களிப்பதால் அவ்வமைதி குலைந்துவிடாது. சில மாநிலங்கள் அவ்விலக்கை அன்றே அளித்திருந்தன.

பெரும்பான்மையோர்க்கு எளிதாய் இருப்பதனாலேயே ஒன்று அறமாகிவிடாது. சட்டத்தின் நேர்மையை, அதனால் மிகுதியும் வருந்துவோனிடம் கேட்டே அறிதல் வேண்டும்.