சின்னக் காயத்தின் கணக்கு

மன்னித்துவிட்ட ஒருவரிடம் நஷ்டஈடு கேட்கலாமா?

பாஞ்சாலங்குறிச்சி பக்கம் பைக் இடித்து என் சித்திக்கு மணிக்கட்டு பிசகியது. எலும்பு முறியவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் கூலி பன்னிரண்டு நாள் போனது. "சின்னக் காயத்துக்குப் போயி கேஸா? பாவம், சின்னப் பயல், விட்ருங்க" என்றது ஊர்.

இந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, யார் தவறென்று பார்க்காமலே மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் தருகிறது. சிறுகாயத்துக்கு அதில் இடமில்லை. 166ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் போய், ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். உயிர் போனால் யாரையும் குறை சொல்லாமல் பணம் வாங்கலாம்; பன்னிரண்டு நாள் கூலிக்கு ஒருவனைக் கைகாட்டியே ஆக வேண்டும்.

ஆனால் விட்டுக்கொடுத்தால் அந்த நஷ்டம் மறைந்துவிடுவதில்லை. சித்தியின் வாரக் கடனில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தால் மிச்சமாவது பையனின் பணமல்ல, கம்பெனியின் பணம். கவனக்குறைவு என்று சொல்வதும் அவனைக் கெட்டவன் என்று சொல்வதும் ஒன்றல்ல.

ஒரே நிபந்தனை, காயத்தை ஊதிப் பெருக்கக் கூடாது. சர்டிபிகேட்டில் உள்ள ஊன சதவீதமே வருமான இழப்பு ஆகிவிடாது என்று ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் 2010இல் உச்சநீதிமன்றம் சொன்னது. சாதாரணக் காயத்துக்கு வைத்தியச் செலவு, போன கூலி, பட்ட வலி, இவ்வளவுதான் கணக்கு. அதைக் கேட்பது பேராசை இல்லை.

கோபத்தைச் சித்தி அன்றைக்கே விட்டுவிட்டாள். கூலியையும் விடச் சொன்னவர்கள் யாரும் ஒருநாள் கூலிகூட இழக்கவில்லை.